மலை ஏறாத மொட்டை

ஆடிப் பரணி அன்று திருத்தணியில் ஒரு மொட்டைத் தலையைத் தேடுவது, கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டியைத் தேடுவது மாதிரி. நல்லவேளை, அன்று காலை நாங்கள் தேடி வந்தது மொட்டையை இல்லை. ஒரு அப்பாவை.

"மேடம், முடிவா சொல்டுங்க. எங்க நைனாதான் பண்ணாருன்னு தெரிஞ்சா இன்னிக்கே அவரு பேர்ல புகார் குடுத்துடுங்க. பெத்தவருன்னெல்லாம் பாக்க வேணாம்."

ஸ்பீக்கரில் பேசியவன் முருகவேல். மஸ்கட்டில் கட்டட வேலை ஃபோர்மேன். குரலில் அவ்வளவு சூடு. போனைக் கையில் பிடித்திருந்த அனுராதா மேடம் ஜன்னல் வழியாகக் காவடிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அப்பாவோட கடைசியா எப்பப் பேசினீங்க?"

"மூணு வாரம் ஆவுது மேடம். நல்லா கேட்டுட்டேன். புள்ளைய ஏமாத்தி சாப்புடற சோறு உடம்புல ஒட்டுமான்னு கேட்டேன். அதோட சரி."

"அவர் என்ன சொன்னார்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பான்னாரு. வேற இன்னா சொல்லுவாரு?"

லைன் கட் ஆனது. நான் ஹார்ன் அடித்தேன். முன்னால் போன மயில் காவடி அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

என் பெயர் டில்லிபாபு. கனகம்மாசத்திரம் சொந்த ஊர். மேடத்துக்கு வண்டி ஓட்டுவதும், அவர் சொல்கிற கதவுகளைத் தட்டுவதும் என் வேலை. கூடவே பேசுவதும் உண்டு, அதற்கு மட்டும் அவர் சம்பளம் தருவதில்லை. மேடம் பதினைந்து வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பொய்க் கணக்குகளைத் துருவிவிட்டு, பொய் ஆட்களைத் துருவலாம் என்று வெளியே வந்தவர்.

முருகவேல் கேஸ் ஆரம்பத்தில் சப்பென்றுதான் இருந்தது. சித்தூர் ரோட்டில் அவனுக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. கீழே துணிக்கடை. மாசா மாசம் நல்ல வாடகை. மஸ்கட்டில் சம்பளத்துக்கு வரி பிடிப்பதில்லை, அதனால் தனக்கு எங்கேயுமே வரி கிடையாது என்று இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான் மகராசன். அங்கே உழைத்த காசு வேறு, இங்கே கட்டடம் சம்பாதித்த காசு வேறு, வாடகைக்கு இந்தியாவில் கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று மேடம்தான் அவனை உலுக்கி எழுப்பினார்.

சரி, இப்போதாவது கட்டலாம் என்று அவன் வருமான வரித் தளத்தைத் திறந்தால், அவனுக்கு முன்னாலேயே யாரோ அவன் பெயரில் கணக்குத் தாக்கல் செய்திருந்தார்கள். அதில் அவன் மஸ்கட்டிலேயே இல்லை. இந்தியாவில் வசிப்பவனாம். அதற்குள் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி வருவது அவனுடைய பழைய இந்திய நம்பருக்கு. வெளிநாடு போகிற நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற மாதிரி, அந்த சிம்மை அவனும் ஊரிலேயே விட்டுப் போயிருந்தான். அப்பாவின் போனில்.

"உள்ளூர்ல இருக்கறதா பொய் சொன்னா யாருக்கு இன்னா லாபம் மேடம்?" என்று கேட்டேன்.

"இடத்தை விக்கறவங்களுக்கு லாபம். இங்கேயே இருக்கறவன் பெரிய கட்டடத்தை வித்தா, வாங்கறவர் நூத்துக்கு ஒரு ரூபா வரி பிடிச்சாப் போதும். வெளிநாட்டுல இருக்கறவன் வித்தா பன்னெண்டு, பதிமூணைத் தாண்டும். அவ்வளவு பிடிச்சுட்டா, திருட்டுத்தனமா விக்கறவன் கைக்கு என்ன மிஞ்சும்?"

"அப்போ அந்தக் கட்டடத்தை..."

"இன்னிக்கு விலை பேசி முடிக்கறாங்க. மதியம். வாங்கற பாலசுப்பிரமணியன்கிட்ட நேத்தே பேசிட்டேன். துணிக்கடைக்காரர்தான் நம்பர் கொடுத்தார்."

விற்கும் அதிகாரமும் அப்பாவிடம்தான் இருந்தது. மஸ்கட் போகும்போது முருகவேலே எழுதிக் கொடுத்த பவர் பத்திரம். சிம் அப்பாவிடம், பவர் அப்பாவிடம். எனக்கென்னவோ கேஸ் முடிந்த மாதிரிதான் தெரிந்தது. மேடம் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் நகம் கடித்தால் கேஸ் முடியவில்லை என்று அர்த்தம்.

* * *

கே.ஜி.கண்டிகையில் முருகவேலின் அப்பா ராஜவேலுவின் வீடு பூட்டியிருந்தது. வாசலில் உலர்ந்த வாழை இலைகளும் வேப்பஞ்சருகும் சேர்ந்து கிடந்தன. பெருக்கிப் பல நாள் ஆகியிருக்கும். கொல்லையில் ஒரு மூங்கில் காவடித் தண்டு சுவரில் சாய்ந்து நின்றது. அதன்மேல் சிலந்தி வலை.

எதிர் டீக்கடையில் இருந்த ரத்தினம்மாள் எங்களைப் பார்த்ததுமே எழுந்து வந்தாள்.

"யாரும்மா? ராஜவேலண்ணன தேடிகினு வந்தீங்களா?"

"ஆமாம்மா. எங்கே போயிருக்கார்?"

"பொண்ணு ஊட்டுக்கு. மாப்ள பெருமாளு வந்து வண்டியில இட்டுகினு போனாரு. போற அன்னிக்கு அவரு மூஞ்சியே நல்லா இல்ல. மவன் போன்ல கண்டபடி பேசிட்டான்னு ரெண்டு நாளு சோறே துன்னல. 'மாப்ளைய நேர்ல கேட்டாத்தான் தெரியும் ரத்தினம்மா, என் போன அவருகிட்டதானே குடுத்துகினு இருந்தேன்'னாரு."

மேடத்தின் கை வாயிலிருந்து இறங்கியது. "போனை மாப்பிள்ளைகிட்ட கொடுப்பாரா?"

"ஆங். மாப்ள வர்றப்பல்லாம் குடுப்பாரு. அவருக்கு அதுல பேச மட்டுந்தான் தெரியும். மெசேஜு வந்தா மாப்ளதான் பாப்பாரு."

எனக்குச் சுருக்கென்றது. புகார் எழுதத் தயாராக இருந்த மகன் முகம் தெரியாமலேயே என் கண்ணுக்குள் வந்து போனான்.

"ஒரு விஷயம்மா," ரத்தினம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா அவரு பரணிக்குப் பூக்காவடி எடுக்காம இருந்ததே இல்ல. ஒரு வருசம் காலு ஒடைஞ்சு கட்டு போட்டுகினே தூக்கினாரு. இன்னிக்கு மணி இன்னா ஆச்சு பாருங்க. ஆளக் காணோம். மாப்ளைக்கு போன் போட்டா, 'மாமா தூங்கறாரு'ங்கறாரு. எப்பப் போட்டாலும் தூங்கறாரும்மா."

நான் வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஜோக் அடிப்பேன். வாய் திறந்தேன். மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

* * *

மலையடிவாரத்தில் பத்திரம் எழுதுகிற கண்ணையனின் கடை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், மேஜை நடுவில் பித்தளைத் தட்டு நிறைய மலை விபூதி. வெளியே மேளம் காதைப் பிளந்தது. ரோட்டில் போன தலைகளில் பாதி மொட்டை, எல்லாவற்றிலும் சந்தனம் பளபளத்தது.

உள்ளே உட்கார்ந்திருந்த தலையும் மொட்டைதான்.

"பாலசுப்பிரமணியன் சாரோட ஆடிட்டர். சார் கூட்டத்துல மாட்டிக்கிட்டார், என்னைப் பார்க்கச் சொன்னார்," என்றார் மேடம். பொய் என்றால் அப்படி ஒரு பொய். கண்கூட சிமிட்டவில்லை.

"வாங்க மேடம், உக்காருங்க. நான்தான் பெருமாள். மாமாவுக்கு மாப்ள." நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல வெளுத்த சட்டை. மீசையும் மழித்திருந்தான். "மாமாவுக்கு உடம்புக்கு முடியல. படுத்த படுக்கை. ஒப்பந்தத்துல ரேகை வாங்கிகினு வந்துட்டேன். முன்பணம் குடுத்தீங்கன்னா வேலை முடிஞ்சுது. ரேகைக்கு சாட்சி அவரு பொண்ணே கீறா."

கையைக் காட்டினான். கடைக்கு வெளியே, வெயிலில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ரஞ்சிதம். முருகவேலின் அக்கா. உள்ளே இடம் இருந்தும் அவள் படி ஏறவில்லை. தலைக்குக் குளித்த முடியை அள்ளி முடிந்திருந்தாள், பூ இல்லை. எங்களைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேடம் ஒப்பந்தத்தைப் பார்த்தார். கடைசியில் நீல மசியில் ஒரு கட்டைவிரல் ரேகை. அழுத்தமாக, தெளிவாக, கொஞ்சம்கூட நழுவாமல்.

"அண்ணே, மலையில முடி குடுத்தீங்களா?" என்று நான் பேச்சுக் கொடுத்தேன். "உங்க தலைக்கு எடுப்பா கீது. சந்தனம்தான் மிஸ்ஸிங்கு."

"ஆங். போன வாரம். வேண்டுதலு."

"வியாபாரம் நல்லா முடியணும்னா?"

"ஆங்," என்றான் எரிச்சலோடு.

பத்திரக்கார கண்ணையன் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "சரிங்க, பேப்பர் ரெடி. மலைக்குப் போய் சாமி பாதத்துல வச்சு எடுத்துகினு வந்துடுங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில அதுதான் வழக்கம். முருகன் பாக்காத பத்திரத்துக்கு நான் பேனா தர மாட்டேன்."

"நீங்க யாரையாச்சும் அனுப்புங்களேன்," என்றான் பெருமாள்.

"அதெப்படி? விக்கற பக்கம் ஒருத்தர் போவணும்."

"எனக்கு முட்டி வலி."

"எங்க கார் இருக்கு," என்றார் மேடம் இனிமையாக. "வாசல் வரைக்கும் ரோடு போகுது. ஒரு படிகூட ஏற வேண்டாம். வாங்க, நானும் கும்பிட்டுக்கறேன்."

"நீங்க போய்ட்டு வாங்க மேடம். நான் கீழயே இருக்கேன்."

கழுத்தில் வியர்வை வழிந்தது அவனுக்கு. ஃபேன் அவன் தலைக்கு நேர் மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது.

சுற்றுவட்டாரமே இந்த மலையில் ஏறுகிற நாளில் ஏறமாட்டேன் என்கிறான் ஒருத்தன், அதுவும் போன வாரம்தான் மேலே போய் முடி கொடுத்தவன். போலீஸுக்கு பயந்தா? இல்லையே, கடை வாசலிலேயே பந்தோபஸ்து போலீஸ் ரெண்டு பேர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் பார்த்ததெல்லாம் மேஜை நடுவில் இருந்த அந்தத் தட்டைத்தான்.

மேடமும் அதைத்தான் பார்த்தார்.

"ஆடிப் பரணியும் அதுவுமா நெத்தி இப்படிக் காலியா இருக்கலாமா?" என்று தட்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "இட்டுக்கோங்க."

"வேணாம் மேடம்."

"சும்மா தொட்டுக்கோங்க. தொட்டு, மாமா தூங்கறார்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. சார்கிட்ட இப்பவே போன் பண்ணி முன்பணத்துக்கு ஏற்பாடு பண்றேன்."

பெருமாள் பின்னால் நகர்ந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், சின்னப் பிள்ளை சூடான பாத்திரத்தைப் பார்த்த மாதிரி. "கிட்ட கொண்டாராதீங்க. அங்க வைங்க. அங்க வைங்க சொல்றேன்!"

மேடம் தட்டை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"டில்லி, இவர் முடி மலையில விழல."

"வேற எங்க மேடம் விழுந்துச்சு?"

"சுடுகாட்டுல."

ஊரெல்லாம் மொட்டையாக இருக்கிற மாசத்தில் இன்னொரு மொட்டையை யார் கேள்வி கேட்பார்கள்? சந்தனம் எங்கே, மீசை எங்கே என்று யார் பார்ப்பார்கள்? கொள்ளி வைத்தவனுக்கு இதைவிட நல்ல ஒளிவிடம் கிடைக்காது.

"அப்பா செத்துட்டார்," என்றார் மேடம். "கொள்ளி வெச்சது நீ. வெளியே தெரிஞ்சா பவர் பத்திரம் செல்லாது. பவர் வாங்கினவர் செத்தா அதுவும் அவரோட சேர்ந்து செத்துடும். அதனால அவரைத் தூங்க வெச்சுட்டே. கணக்குல மச்சானை ஊருக்கு வர வெச்சே, பேச்சுல மாமனாரை உயிரோட வெச்சே. வரி ஆபீஸுக்கு பயப்படல, வாங்கறவருக்கு பயப்படல. தீட்டோட விபூதியைத் தொட மட்டும் பயந்துட்டே."

"தீட்டோட மலை ஏறுனா கண்ணு போயிடும் மேடம்!" என்று கத்தினான் பெருமாள். அது என்னவோ பெரிய நியாயம் மாதிரி.

"செத்தவர் விரல்ல மசி தடவும்போது போகலையா?"

வெளியே ஒரு அலறல். ரஞ்சிதம் வெயிலில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மோர் குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர்கள் டம்ளரோடு ஓடி வந்தார்கள். பெருமாள் பின்கதவுப் பக்கம் பாய்ந்தான். நான் அதற்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஒரே அறைதான் கொடுத்தேன், அதுவும் வேலைக்காக இல்லை, என் மனத் திருப்திக்காக.

ரஞ்சிதம் பேசப் பேச எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை.

"எல்லை தாண்டி ஆந்திரா பக்கம் எங்களுக்கு ஒரு தறிக் கொட்டாய் கீதுங்க. நைனாவ அங்க இட்டுகினு போனாரு. 'என் பேரக் கெடுத்துட்டியே மாப்ள, என் புள்ள என்னத் திருடன்னு சொல்றான்'னு நைனா சண்ட போட்டாரு. பேசிகினே இருக்கறப்ப நெஞ்சப் புடிச்சிகினு குந்திட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் கால்ல வுழுந்தேங்க. 'இரு, ஒரு கையெழுத்து போட்டுட்டு போவட்டும்'னாரு இந்த ஆளு. நைனா போட மாட்டேன்னுட்டாரு. கடைசி வரைக்கும் போடல."

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"குளிப்பாட்டறப்ப அந்த மசி போவவே இல்லீங்க. மஞ்சத்தண்ணி ஊத்தித் தேச்சேன், சீயக்கா போட்டுத் தேச்சேன். நீலமாவே இருந்துச்சு. கொட்டாய் ஆளுங்ககிட்ட தூரத்து மாமான்னு சொல்லி எரிச்சுட்டாரு. வெளிய சொன்னா உன் புள்ளைங்கள நெனச்சுக்கோன்னாரு. நான் பாவிங்க."

பாவிதான். ஆனால் அந்த நேரத்தில் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பெருமாளை போலீஸ் அழைத்துக்கொண்டு போனது. தெருவில் போன பக்தர் கூட்டம் அவனுக்கு அரோகரா போட்டு வழிவிட்டது. மொட்டையைப் பார்த்தால் இந்த ஊர் அப்படித்தான்.

* * *

மேடத்தின் போன் அடித்தது. மஸ்கட்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கொம்பனிடமும் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர், ஒரு போனை எடுக்க இவ்வளவு தயங்கி நான் பார்த்ததில்லை. கடைசியில் எடுத்தார்.

"மேடம், இன்னா ஆச்சு? நைனாதானே?"

"இல்ல முருகவேல். உங்க அப்பா ஒரு பைசா தொடல. ஒரு கையெழுத்தும் போடல. எல்லாம் பெருமாள்."

"பாவாவா? எங்க அக்கா ஊட்டுக்காரரா?"

பிறகு வந்த குரல் காலையில் கேட்ட குரலே இல்லை.

"மேடம், நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன் மேடம். எங்க நைனா என்ன வளத்த மாதிரி யாரும் வளத்திருக்க மாட்டாங்க. அவரு பக்கத்துல இருந்தா போனக் குடுங்க. மன்னிப்பு கேட்டுக்கறேன். அவரு கோவிச்சுக்க மாட்டாரு. குடுங்க மேடம்."

மேடம் போனை என் பக்கம் நீட்டினார். நான் டில்லிபாபு, பிறந்ததிலிருந்து பேச்சுக்குப் பஞ்சம் இல்லாதவன். அந்த போனை வாங்க எனக்குக் கை எழவில்லை.

ரஞ்சிதம் எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, அக்காடா."

"அக்கா? நீ அங்கயா கீற? நைனா எங்க?"

"நைனா இல்லடா. போய்ட்டாருடா. என்ன மன்னிச்சுடு, ஒனக்குச் சொல்லாம வுட்டுட்டேன். கெளம்பி வா. பதினாறாம் நாளு இன்னும் வரல. கருமத்தையாச்சும் நீ பண்ணு."

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்து உடைகிற சத்தம் கேட்டது.

"அக்கா," என்றான். "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாராக்கா?"

ரஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நெஞ்சு வலியில பேச்சு சரியா வரலடா. ஒன் நம்பரத்தான் மறுபடி மறுபடி போடச் சொன்னாரு. நானும் போட்டுகினே இருந்தேன். 'அவன போன எடுக்கச் சொல்லும்மா'ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு."

ஆயிரம் மைலுக்கு அப்பால், வேலை நடக்கிற ஏதோ ஒரு கட்டடத்தின் நடுவில் நின்று, முருகவேல் ஓவென்று அழுதான்.